அக்கா வீட்டு ரேடியேட்டரும் அப்பாவோட காலும்

ஒரு நீளமான இழை. டீ போட்டு வச்சுக்கிட்டுப் படிங்க. சுகர் இருக்கிற அப்பா அம்மாவைக் குளிர் நாட்டுக்குக் கூப்பிட்டு வச்சிருக்கிற பிள்ளைங்க கண்டிப்பா படிங்க. இதுல தப்பு பண்ணினது வேற யாருமில்ல, நான்தான். அதனால யாரையும் திட்டாம எழுத முடியும்.

முதல்ல ஊர். நான் வேலை பார்க்கிறது குத்தாலம். பேரைச் சொன்னதுமே பாதிப் பேர் "சீசன் ஆரம்பிச்சாச்சா டாக்டர்?"னு கேப்பாங்க. அது குற்றாலம், தென்காசிப் பக்கம். இது மாயவரத்துக்கும் ஆடுதுறைக்கும் நடுவுல இருக்கிற குத்தாலம். அருவி கிடையாது. காவிரி உண்டு, அதுலயும் தண்ணி வந்தாத்தான் உண்டு. உக்தவேதீஸ்வரர் கோயில், நாலு பக்கமும் நெல்லு வயல், ஒரு ரயில் ஸ்டேஷன். மார்கழி விடியல்ல கூட ஃபேனை ஒண்ணாம் நம்பர்ல வச்சுட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கிற ஊரு. இந்த ஊர்ல உக்காந்துக்கிட்டு நான் வீட்டைச் சூடாக்குற ரேடியேட்டர் பத்தி ஏன் பேசுறேன்னு போகப் போகத் தெரியும்.

அப்பாவுக்கு 68 வயசு. கூட்டுறவு சொசைட்டியில வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். சுகர் வந்து 19 வருஷம். அம்மா இருந்த வரைக்கும் மாத்திரை, சாப்பாடு எல்லாம் அம்மா கணக்கு. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிச்சுட்டு வந்ததும் திண்ணையில உக்கார வச்சு நகம் வெட்டி விடுவாங்க, கால் விரல் இடுக்கைத் துணியால துடைப்பாங்க. நான் எம்.பி.பி.எஸ். படிச்சுட்டு வந்து "டயபெட்டிக் ஃபுட் கேர்"னு பாடம் எடுக்கிறதுக்கு முன்னாடியே அது எங்க வீட்டுல நடந்துக்கிட்டு இருந்தது. அம்மா போனப்புறம் அதை யாரும் எடுத்துச் செய்யல. எனக்கு டியூட்டி, நைட், கேம்ப். அப்பாவுக்கு மாத்திரை எடுத்து வச்சேன். சுகர் குத்திப் பார்த்தேன். காலைப் பார்க்கல.

அக்கா குடும்பம் இங்கிலாந்துல லெஸ்டர்ல இருக்கு. ஐப்பசியில அப்பாவை ஆறு மாசம் அங்க அனுப்பலாம்னு முடிவாச்சு. பேத்தியோட இருந்தா மனசு கொஞ்சம் மாறும்னு நினைச்சோம். அப்பா மாடி ஏறினா மூச்சு வாங்குவார். அதனால கீழ் ரூமை அவருக்குப் படுக்கை அறையா மாத்தினாங்க. 1930கள்ல கட்டின வீடு. முன்பக்கம் வளைஞ்சு வெளிய துருத்திக்கிட்டு நிக்கிற பெரிய ஜன்னல், அது கீழ ஒரு நீளமான ரேடியேட்டர். கட்டில் போடணும்னா அந்த ஜன்னல் ஓரத்தைத் தவிர வேற இடமில்ல. கட்டிலைப் போட்டா ரேடியேட்டர் மறைஞ்சுடும். கதவுக்கும் பழைய கணப்புக்கும் நடுவுல அரை மீட்டர் சுவர் மட்டும் சும்மா கிடந்தது. அங்க உயரமா, ஒல்லியா ஒரு ரேடியேட்டர் மாட்டிடலாம்னு அத்தான் சொன்னார்.

அப்பா முதல்ல கேட்டது, "டிராக்டர்ல முன்னாடி இருக்குமே, அதா?" சிரிச்சோம். ஆனா அவர் கேட்டது சரி. தத்துவம் ஒண்ணுதான். டிராக்டர்ல இன்ஜின் சூட்டை வெளிய தள்ள சுடுதண்ணி ஓடுது. வீட்டுல பாய்லர் சூட்டை அறைக்குள்ள கொண்டுவர சுடுதண்ணி ஓடுது. பேர்ல 'ரேடியேட்'னு இருந்தாலும், பெரும்பாலும் வேலை நடக்கிறது காத்து மூலமாத்தான். தகட்டைத் தொட்ட காத்து சூடாகி மேல போகும், கீழ இருந்து குளிர்ந்த காத்து வரும், அப்படியே அறை பூரா சுத்தும். பழைய ரேடியேட்டர் எல்லாம் ஜன்னல் கீழ இருக்கிறதுக்குக் காரணமும் அதுதான். கண்ணாடியில பட்டுக் கீழ இறங்குற குளிர் காத்தை அந்த இடத்துலயே மடக்கும்.

அத்தான் வீடியோ கால்ல கேட்டலாக் காட்டிக் காட்டிக் கேட்டார். "டாக்டரம்மா, வெள்ளையா, கரும்சாம்பலா, குரோமா?" நானும் பெரிய மனுஷி மாதிரி வெள்ளைன்னு சொன்னேன். (சாதாரண பெயின்ட்ல எந்தக் கலரா இருந்தாலும் சூட்டுல பெரிய வித்தியாசம் வராது. பளபள குரோம் பூச்சுன்னா குறைவாத்தான் சூடு தரும். இதெல்லாம் பின்னாடி படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது.) 1800 மி.மீ. உயரம், 400 மி.மீ. அகலம். ஒத்தைத் தகடு. பார்க்க அழகா இருந்தது, நிலைக்கண்ணாடி மாதிரி. "இதை அப்பா சாயற சேர் பக்கத்துல வர்ற மாதிரி மாட்டுங்க அத்தான், முதுகுக்கு இதமா இருக்கும்." இந்த வாக்கியம் என்னோடது. இன்னைக்கு வரைக்கும் என் காதுல கேக்குது.

இப்ப கொஞ்சம் கணக்கு. போரடிக்கும், ஆனா விஷயமே இதுக்குள்ளதான் இருக்கு.

ரேடியேட்டர் வாங்குறப்ப பார்க்க வேண்டியது உயரம் இல்ல, வாட். அந்த அறை நாலுக்கு நாலு மீட்டர், ரெண்டே கால் மீட்டருக்கு மேல உயரம், வெளிச்சுவர், பெரிய ஜன்னல். நல்ல குளிர் நாள்ல சுமார் 1,500 வாட் தேவைப்படும். ஜன்னலடியில இருந்து கழட்டின பழைய ரெட்டைத் தகடு ரேடியேட்டர் சுமார் 2,700 வாட் தரக்கூடியது. புதுசா வந்த ஒல்லியானது 900 வாட். ஆள் உயரத்துக்கு நிக்குதேன்னு பார்த்தா ஏமாந்துடுவோம், பரப்பும் தகட்டு எண்ணிக்கையும்தான் கணக்கு.

அதுலயும் இன்னொரு பொறி இருக்கு. கேட்டலாக்ல போட்டிருக்கிற வாட் எல்லாம் 'டெல்டா டி 50'ல அளந்தது. அதாவது உள்ள போற தண்ணி 75 டிகிரி, திரும்பி வர்றது 65, சராசரி 70, அறை 20, வித்தியாசம் 50. ஆனா இப்ப அங்க பாய்லரை 60 டிகிரி அல்லது அதுக்குக் கீழ வைக்கச் சொல்றாங்க. திரும்பி வர்ற தண்ணி 55க்குக் கீழ இருந்தாத்தான் அந்த வகைப் பாய்லர் புகையில இருக்கிற நீராவியைக் குளிர்விச்சு அந்தச் சூட்டையும் பிடிக்கும், கேஸ் மிச்சமாகும். அத்தானும் 60லதான் வச்சிருந்தார். அந்தச் சூட்டுல 900 வாட் ரேடியேட்டர் தர்றது 600 வாட்டுக்கும் குறைவு. தேவை 1,500, வர்றது 600. அறை 15, 16 டிகிரியைத் தாண்டல. வீட்டுக்குள்ள குறைஞ்சது 18 டிகிரி இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் 2018 வழிகாட்டியில சொல்லுது. வயசானவங்களுக்கு அதுக்கும் மேல இருந்தா நல்லது.

அப்பா குளிருதுன்னு வாய் திறந்து சொல்ல மாட்டார். மருமகன் வீட்டுல போய் "குளிருது"ன்னா குறை சொன்ன மாதிரி ஆயிடும்னு அவருக்கு. ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர் போட்டார். அக்காதான் கவனிச்சுப் புலம்பினா. உடனே அத்தான் பாய்லரை 75க்கு ஏத்திட்டார். யாரா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பாங்க. அறை கொஞ்சம் தேவலாம்னு ஆச்சு. ஆனா ரேடியேட்டர் தகடு மேல 70 டிகிரி, கீழ 60. அறை முழுசா சூடாகாததால அப்பா சேரை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டுக்கிட்டார்.

"அதான் பக்கத்துலயே வால்வு இருக்குமே, அதைக் குறைச்சு வைக்கலாமே?"ன்னு அங்க இருக்கிறவங்க கேப்பாங்க. அந்த 1, 2, 3 போட்ட வால்வு அறையோட சூட்டைப் பார்த்துத் திறந்து மூடுறது. தகடு எவ்வளவு கொதிக்கணும்னு அது முடிவு பண்றதில்ல. அறை குளிரா இருக்கிற வரைக்கும் வால்வு திறந்தே கிடக்கும், தகடு கொதிச்சுக்கிட்டே இருக்கும்.

இந்த இடத்துல அறையை விட்டுட்டுக் கால் பக்கம் வர்றேன்.

சுகர் ரொம்ப வருஷம் இருந்தா நரம்பு கெடும். எந்த நரம்பு முதல்ல? நீளமானது. இடுப்புல கிளம்பிக் கால் விரல் நுனி வரைக்கும் போறது சுமார் ஒரு மீட்டர். அதனாலதான் விரல்ல ஆரம்பிச்சு, சாக்ஸ் போட்ட மாதிரி மேல ஏறும். அதுல சூடு, குளிர், வலி சொல்ற மெல்லிய இழைகள் சீக்கிரமே போயிடும். போறப்ப சும்மா போகாது. பொய் சொல்லிட்டுப் போகும். தொட்டுப் பார்த்தா கால் வெதுவெதுன்னு இருக்கும், ஆனா அவங்களுக்கு "ஐஸ்ல வச்ச மாதிரி ஜில்லுங்குது". சிலருக்கு எரியும். ஆக, குளிராத கால் குளிருதுன்னு சொல்லி நெருப்புகிட்ட கூட்டிட்டுப் போகும், நெருப்புகிட்ட போனதும் வாயை மூடிக்கும்.

இது எனக்குத் தெரியாததா? எங்க ஆஸ்பத்திரியில மாசத்துக்கு ரெண்டு மூணு பேரை இப்படிப் பார்க்கிறேன். நடவுக்கு இறங்கி நாள் பூரா சேத்துல நின்னுட்டு வந்து, சேத்துப்புண்ணுக்கு உப்பு போட்ட சுடுதண்ணியில காலை விட்டுட்டு உக்காந்திருந்த அம்மா. முழங்கைத் தோல் வரைக்கும் தாங்கின சூடுன்னு நினைச்சு மகள் ஊத்தினது, அந்தக் காலுக்குத் தெரியல. மினி பஸ்ல முன்னாடி இன்ஜின் மூடி ஓரத்துல செருப்பைக் கழட்டிட்டுக் கால் வச்சுக்கிட்டே வந்தவர், இறங்குறப்ப ஒரு பக்கத் தோல் உரிஞ்சிருந்தது. சித்திரை வெயில்ல கோயில் பிராகாரத்துக் கருங்கல்லுல மூணு சுத்து வெறுங்காலோட. அதுக்குத்தான் இப்பல்லாம் கோயில்ல தென்னை நார் விரிப்பும் வெள்ளைப் பட்டையும் போடுறாங்க, தயவுசெஞ்சு அது மேலயே நடங்க. தீமிதி முடிஞ்ச மறுநாள் ஓ.பி. எப்படி இருக்கும்னு தனி இழையே எழுதலாம். ஒருத்தர், "பக்கத்துல வந்தவன் துள்ளினான் டாக்டர், எனக்கு ஆத்தா காப்பாத்திட்டா, ஒண்ணுமே தெரியல"ன்னார். உள்ளங்கால் வெள்ளையா வெந்திருந்தது. நான் என்ன பதில் சொல்றது.

இவங்க எல்லார் காலையும் தொட்டுப் பார்த்திருக்கேன். நைலான் இழையை வச்சு அழுத்தி "தெரியுதா, தெரியுதா"ன்னு கேட்டிருக்கேன். அந்த இழை என் பையிலேயே கிடக்கும். அதே பையை எடுத்துக்கிட்டுத்தான் தினம் வீட்டுக்கும் போனேன்.

தை பொறந்து ஒரு வாரம் இருக்கும். ஓ.பி. முடியுற நேரம், பன்னிரண்டரை. அங்க காலை ஏழு மணி. அக்காகிட்ட இருந்து வாட்ஸாப்ல ஒரு போட்டோ. அதுல மரத்தரை, அது மேல ஈரமா ஒத்தைக் கால் தடம், ரூம்ல இருந்து பாத்ரூம் வரைக்கும். "பாப்பா, அப்பா கால்ல இருந்து தண்ணி கசியுது, என்னன்னு தெரியல." முதல்ல பார்த்தது அக்கா பொண்ணு. "தாத்தா ஒரு கால் மட்டும் கழுவிட்டு நடக்கிறார்"னு சொல்லியிருக்கா.

வீடியோ போடச் சொன்னேன். இடது பாதத்தோட வெளிப்பக்கம், சுண்டு விரல்ல இருந்து பாதி உள்ளங்கால் வரைக்கும். பெரிய கொப்பளம் உடைஞ்சு தோல் தொங்குது. உள்ள சிவப்பா இருந்திருந்தா எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருந்திருக்கும். வெள்ளையா, மெழுகு மாதிரி இருந்தது.

"வலிக்குதாப்பா?"

"இல்ல பாப்பா. ஒண்ணுமே இல்ல. இதுக்குப் போய் உன்னை வேலை நேரத்துல கூப்பிட்டுட்டா பாரு."

முந்தின ராத்திரி நடந்தது இதுதான். சேர்ல சாய்ஞ்சு போன்ல நாதஸ்வரம் கேட்டுக்கிட்டு இருந்திருக்கார். கால் ஜில்லுன்னு இருந்திருக்கு. இடது காலை நீட்டி ரேடியேட்டர் அடியில வச்சிருக்கார். சாக்ஸோட வச்சப்ப சூடே தெரியலையாம். அதனால சாக்ஸைக் கழட்டிட்டு வச்சிருக்கார். அப்படியே கண் அசந்துட்டார். எழுந்தப்ப ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகியிருக்கு. எழுந்து கட்டில்ல போய்ப் படுத்துட்டார்.

சூடும் நேரமும் சேர்ந்துதான் தோலைக் கெடுக்கும். 1947ல மோரிட்ஸ், ஹென்ரிக்வெஸ்னு ரெண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இதை அளந்து எழுதினாங்க. இன்னைக்கும் எங்க பாடத்துக்கு அடிப்படை அதுதான். 44 டிகிரின்னா தோல் கெட ஆறு மணி நேரம் ஆகும். 60 டிகிரின்னா சில விநாடி போதும். உணர்ச்சி இருக்கிற கால் அந்தச் சில விநாடிக்குள்ள தானா பின்னாடி வந்துடும். அதனாலதான் இங்கிலாந்துல நோயாளிங்க, முதியவங்க இருக்கிற ஆஸ்பத்திரி அறைகள்ல கை கால் படுற ரேடியேட்டர் பரப்பு 43 டிகிரியைத் தாண்டக் கூடாதுன்னு விதி வச்சிருக்காங்க. உள்ள கொதிச்சாலும் வெளி மூடி தொடலாம்ங்கிற மாதிரி தனி ரேடியேட்டரே இருக்கு. ஆனா வீட்டுக்கு அந்த விதி கிடையாது. வீட்டுல சுகர் நோயாளி இருக்கிறது பாய்லருக்குத் தெரியாது, பிளம்பருக்கும் தெரியாது. தெரிஞ்சிருக்க வேண்டியது எனக்கு.

உடனே அங்க அவசரப் பிரிவுக்குப் போனாங்க. நல்லாவே பார்த்தாங்க. ஆழமான தீக்காயம், கிருமி பிடிக்காம டிரெஸ்ஸிங், அந்தக் காலை ஊனவே கூடாதுன்னு சொன்னாங்க. மூணு வாரம் கழிச்சு, பறக்கலாம்னு அவங்க சொன்னதும் ஊருக்குக் கூட்டிட்டு வந்தோம். திருச்சியில வீல்சேர்ல வெளிய வந்தவர் என்னைப் பார்த்ததும் முதல்ல சொன்னது, "மாப்பிள்ளைகிட்ட ஒண்ணும் கேட்டுடாத பாப்பா, அவர் ரொம்ப வருத்தப்படுறார்." அத்தான் மேல எனக்கு என்ன கோபம். இடம் சொன்னது நான்.

தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ்ல என்கூடப் படிச்ச சர்ஜன் பார்த்தான். செத்த தசையை ரெண்டு தடவை வெட்டி எடுத்தான். உள்ளங்கால் மெதுவா மூடிக்கிட்டு வந்தது. சுண்டு விரல் எலும்புக்குக் கிருமி போயிடுச்சு, அதைக் காப்பாத்த முடியல. காயம் முழுசா மூட பதினாலு வாரம். அந்தப் பதினாலு வாரமும் வீட்டுல டிரெஸ்ஸிங் பண்ணினது நான்தான். ஊர்ல எல்லார் காலையும் பார்க்கிறவளுக்கு அப்பா காலைப் பார்க்க அப்பதான் நேரம் கிடைச்சது. டிரெஸ்ஸிங் பண்றப்ப அப்பா கதை பேசிக்கிட்டே இருப்பார். நான் என்ன வெட்டுறேன், எங்க தொடுறேன்னு அவருக்குத் தெரியவே தெரியாது. ஒரு நாள் கத்திரிக்கோலைத் தவறவிட்டு அது காலில பட்டுது. அவர் பேச்சை நிறுத்தல.

இப்ப, நீங்க செய்யக்கூடியது.

வீட்டுல சுகர் இருக்கிறவங்க காலை நீங்களே சோதிக்கலாம், கருவி வேணாம். இங்கிலாந்துல இப்ஸ்விச் ஊர் டாக்டர்கள் உருவாக்கின முறை, பேரே இப்ஸ்விச் தொடு சோதனை. கண்ணை மூடச் சொல்லுங்க. உங்க ஆள்காட்டி விரல் நுனியால அவங்க கால் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியை லேசா, ஒரு விநாடி, ரெண்டு விநாடி தொடுங்க. ரெண்டு கால்லயும் சேர்த்து ஆறு தொடுதல். அழுத்தாதீங்க, தட்டாதீங்க, "இப்ப தொடுறேன்"னு சொல்லாதீங்க. தொட்டது தெரிஞ்சதும் அவங்களே சொல்லணும். ஆறுல ரெண்டோ அதுக்கு மேலயோ தவறினா உணர்ச்சி குறைஞ்சிருக்குன்னு வச்சுக்கிட்டு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. ரெண்டு நிமிஷ வேலை. 2023ல வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி இந்தியாவுல சுகர் உள்ளவங்க 10 கோடிக்கு மேல. உங்க வீட்டுல ஒருத்தராவது இருப்பாங்க.

உணர்ச்சி குறைஞ்ச காலுக்கு நேரடிச் சூடு எதுவுமே கூடாது. ஒத்தடம், சுடுதண்ணிப் பை, மின்சாரப் போர்வை, வெயில்ல காய்ஞ்ச பைக் மிதி எல்லாமே. படுக்கையைச் சூடாக்கணும்னா படுக்கிறதுக்கு முன்னாடி பையை வச்சுட்டுப் படுக்கிறப்ப எடுத்துடுங்க. காலுக்கு இறுக்கமில்லாத உல்லன் சாக்ஸ் போதும். குளிருதுன்னா அறையைச் சூடாக்குங்க.

சுட்டுடுச்சுன்னா குழாய்த் தண்ணியில இருபது நிமிஷம். பேனா மை, டூத்பேஸ்ட், தோசை மாவு, மஞ்சள் எதுவும் வேணாம். வலிக்கலைங்கிறதை வச்சுச் சின்னக் காயம்னு முடிவு பண்ணாதீங்க. சுகர்காரர் தீக்காயத்துல வலி இல்லைன்னா அது பயப்பட வேண்டிய விஷயம்.

குளிர் நாட்டுல இருக்கிற நம்ம ஆளுங்க உயரமான ரேடியேட்டர் வாங்கப் போறீங்கன்னா, வேணாம்னு சொல்லல. சுவர் இடம் இல்லாத வீட்டுக்கு அது நல்ல பொருள்தான். முதல்ல அறைக்கு எத்தனை வாட் வேணும்னு கணக்குப் போடுங்க. நீங்க ஓட்டப் போற தண்ணிச் சூட்டுல அது எத்தனை வாட் தரும்னு கடைக்காரர்கிட்ட கேளுங்க. தண்ணியை 55 டிகிரியில அனுப்புறீங்கன்னா கேட்டலாக்ல போட்டதுல பாதின்னு வச்சுக்கலாம். பெருசா வாங்கிக் குறைஞ்ச சூட்டுல ஓட்டுங்க. சின்னதா வாங்கினா கொதிக்க வைக்க வேண்டி வரும், எங்க வீட்டுல நடந்த மாதிரி. தண்ணி நிறைஞ்சா நல்ல கனம், பலகைச் சுவர்னா அதுக்கான பிடிமானம் பார்த்து மாட்டச் சொல்லுங்க. மேல் முனையில காத்து அடைச்சா பாதி தகடு குளிர்ந்து கிடக்கும், அந்தக் காத்தைத் திறந்து விடணும். சேர், கட்டில், தொட்டில் எதுவும் கால் நீட்டினா எட்டுற தூரத்துல இருக்கக் கூடாது. ஈரத்துணியை அது மேல காயப்போடாதீங்க, அந்த ஈரம் பூரா சுவர்ல பூஞ்சையா வரும், பிள்ளைங்க மூச்சுக்கு ஆகாது. சுடுதண்ணியைத் தொட்டியில சேமிச்சு வைக்கிற வீடா இருந்தா பாய்லரைக் குறைக்கிறதுக்கு முன்னாடி பிளம்பர்கிட்ட கேளுங்க, தொட்டித் தண்ணி 60 டிகிரிக்கு வரலைன்னா அதுல கிருமி வளரும்.

எது பண்ணினாலும் ஊட்டி, கொடைக்கானல் போற இடத்துல ரூமுக்குள்ள கரி அடுப்பை வச்சுக் கதவைச் சாத்திட்டுத் தூங்கிடாதீங்க. தூக்கத்துலயே போனவங்க செய்தி அப்பப்ப வருது. அது வேற கதை, ஆனா சொல்லாம விட மனசு வரல.

கொரோனா காலத்துல வாங்கின நெத்தி தெர்மாமீட்டரை அத்தான் ரேடியேட்டர் முன்னாடி பிடிச்சுப் பார்த்திருக்கார். 'ஹை'ன்னு மட்டும் காட்டியிருக்கு. அந்த மெஷின் 43க்கு மேல அளக்காது. நான் சொன்னேன், அத்தான், அதுவே போதும், 'ஹை' காட்டினா அப்பா கால் அது பக்கம் போகக் கூடாது.

இப்ப அந்த வீட்டுல பழைய ரெட்டைத் தகடு ரேடியேட்டர் திரும்ப ஜன்னலடிக்கு வந்துடுச்சு. கட்டிலை எதிர்ச்சுவருக்கு நகர்த்தி, ஒரு அலமாரியைக் கழட்டிட்டாங்க. அதை முதல்லயே பண்ணியிருக்கலாம். தண்ணி 55, அறை 20 வந்துடுது. அதுக்கு மரச்சட்டத்துல ஒரு மூடி. 55ம் தூங்குற காலுக்குச் சூடுதான். அந்த ஒல்லி ரேடியேட்டர் மாடிப்படி பக்கம் போயிடுச்சு, அங்க யாரும் உக்கார மாட்டாங்க. அக்கா பொண்ணோட கோட் அது எதிர்ல தொங்குது.

அப்பா மறுபடியும் ஐப்பசியில போகணும்ங்கிறார். பேத்தி கூப்பிடுறா. நான் இன்னும் டிக்கெட் போடல. இப்பல்லாம் வெள்ளிக்கிழமைன்னா திண்ணையில உக்கார வச்சு நகம் வெட்டி விடுறேன், அப்படியே தொட்டும் பார்க்கிறேன். போன வாரம் கண்ணை மூடச் சொல்லித் தொட்டேன். "ஆறுல ரெண்டுதான்பா சொன்னீங்க"ன்னேன்.

"அஞ்சுல ரெண்டு"ன்னு திருத்தினார்.